மாமா செய்த ஓக் மணை

அன்று அங்கே இருந்தது நாலே பேர். தலைக்குத் தண்ணீர் வாங்க நான், ஊற்ற அம்மாவும் அத்தையும், கீற்று மறைப்புக்கு அப்பால் சீர்த்தட்டோடு தாய்மாமன். அப்பா ரப்பர் காட்டில் பால்மரம் வெட்டப் போயிருந்தார். இவ்வளவு திருத்தமாகச் சொல்வது ஏனென்றால், தோட்டமே கூடி நின்று பார்த்ததாகப் பிறகு பேச்சு.

நான் பெரியவளானதும், மலாக்காவை அடுத்த செலண்டார் பக்கம் இருந்த எங்கள் தோட்ட லயத்துக்கு மாமா குச்சு கட்ட வந்தார். கீற்றோடு நான் உட்கார ஒரு மணையும் கொண்டுவந்தார். துரை பங்களாவில் கால் ஒடிந்து தூக்கிப்போட்ட சாப்பாட்டு மேசையை அறுத்து, ஆணி அடித்துச் செய்தது. தூக்கினால் கை இறங்கும். இழைத்த இடம் மீன் செதில்போல மினுங்கும்.

“ஓக்கு மரம்லா இது, இந்த ஊரு மெரந்திக் கட்டை இல்ல. எத்தன ஆணி வளைஞ்சுச்சு தெரியுமா? எந்த மாமன் போட்டான் சீமை மரத்துல?”

“பெருமையைப் பலகையிலதான் காட்டணுமா? பவுன்ல காட்டக் கூடாதா?” என்றாள் அத்தை. அவள் மகனுக்கு என்னைக் கட்டுவதாகப் பேச்சு.

குச்சுக்குள் ஒரே இருட்டு. அத்தனை நாளும் மணையில் உட்கார்ந்தே இருந்தேன், அதிலேயே குளித்தேன். அது காயவே இல்லை. கடைசித் தண்ணீருக்கு மணையோடு என்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊற்றி முடித்து நான் எழுந்ததும் அத்தையின் கையிலிருந்து செம்பு விழுந்தது.

மணையில் ஆணி இருந்த இடமெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது. என் குதிகால் கருப்பு, மஞ்சள் சேலை கருப்பு. தேய்த்தேன், போகவில்லை. உள்ளே ஏதோ அழுகிவிட்டது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

“அண்ணி, என்னா இது? எனக்கு இருக்குறது ஒத்தப் பிள்ளை. நான் யோசிக்கணும்.”

“நல்ல மரம்க்கா! நானே இழைச்சது!” என்று மறைப்புக்கு அப்பால் மாமா கத்தினார்.

திருஷ்டிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அம்மா அறுத்து என் காலில் தேய்த்தாள். கருப்பு இளகி ஓடியது.

“அட, கண்ணுதான்! எவ கண்ணோ பாவி!” என்றாள் அத்தை, முதல் ஆளாக.

ஓக்குக்கு இரும்பு ஆகாது, பித்தளைத் திருகாணிதான் போடவேண்டும் என்று மலாக்காவில் ஒரு சீனத் தச்சர் பிற்பாடு மாமாவிடம் சொன்னாராம். அந்த மரத்தில் கடுக்காய்போல ஒரு துவர்ப்பு. ஈரத்தில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் காய்ச்சினால் வருவது மை. பள்ளிக்கூடத்தில் தொட்டு எழுதுவோமே, அந்த மை. எலுமிச்சைப் புளிப்புப் பட்டால் இளகிவிடும்.

அன்று அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கால் வெளுத்ததே பெரிது. கல்யாணப் பேச்சு நிலைத்தது, உயிர் பிழைத்தது. மறுநாள் திங்கட்கிழமை. பெரியவளானபின் எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் போனதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. “அம்மா, என் பள்ளிக்கூடப் பை எங்கம்மா?” என்று கேட்டேன்.

அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கேட்டேன்.