ஈசானிய மூலையில் வெட்டிய சேற்றுக்குழி

போர் போடுகிற லாரி வந்த அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்காரர் கப்பலில். புதுக்கோட்டைக்கு இந்தப் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட முதலில் தண்ணீர் வேண்டும். கூட நின்று பார்க்க நான் ஒருத்திதான். எங்கே நின்றேன், ரோட்டுக்கும் லாரிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

துளை போடும்போது வெளியே வரும் சேற்றுக்கு ஒரு குழி வெட்ட வேண்டும். லாரிக்கார அண்ணாச்சி ரோட்டோரமாகத் தாழ்ந்து கிடந்த தென்மேற்கு மூலையைக் காட்டினார்.

"இங்கன வெட்டுனா சேறு தன்னால ஓடி வந்து நிக்கும். அடியில தார்ப்பாய் விரிச்சிட்டா மண்ணுக்குள்ள இறங்காது. டிராக்டர்ல அள்ளிட்டுப் போவவும் தோது."

"கன்னி மூலையில குழியா? வீட்டுக்கு ஆகாது அண்ணாச்சி. ஈசானிய மூலையில வெட்டுங்க."

"அந்தப் பக்கம் சொவத்த ஒட்டிக் கெணறு இருக்குல்லாக்கா."

"சேறுதான, என்ன செஞ்சிரப் போவுது?"

மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வெட்டச் சொன்னார். தார்ப்பாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் நானே தள்ளிப்போட்டேன். என் வீம்பு எப்போதும் சாமி, சாஸ்திரத்தின் பேரில்தான் வரும்.

அந்தக் கிணறு பக்கத்து வீட்டு அக்காவுடையது. இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. திறந்த கிணறு என்று குடிக்கவும் சோறாக்கவும் கேன் தண்ணீர் வாங்குவாள். மாவுக்குக் கிணறுதான். தெரு முழுக்க உப்புச் சவராகக் கிடக்க, அந்த ஒரு கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர்.

நூற்றிருபது அடியில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்ல தண்ணி. போதும்க்கா, கீழ போனா உப்பு" என்றார். போதும் என்ற சொல் என் காதில் என்றைக்கு விழுந்திருக்கிறது? இன்னும் ஐம்பது அடி போடச் சொன்னேன். கல்பொடியும் தண்ணீருமாகச் சாம்பல் நிறத்தில் பீய்ச்சி அடித்து, ஆள் உயரக் குழி அரை நாளில் நிரம்பியது. நான் பூரித்துப்போனேன். அண்ணாச்சி மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்துக் காறித் துப்பினார்.

"இதுல உப்பளம்தான் போடலாம். சேத்த இன்னைக்கே அள்ளிருங்கக்கா. மணல் தரை, இறங்கிரும்."

டிராக்டர்காரன் இந்தா வாரேன், இந்தா வாரேன் என்றே நாலு நாளைக் கடத்தினான். தினமும் குழியை எட்டிப் பார்த்தேன். சேறு அடியில் தங்கிவிட்டது, மேலே நின்ற தண்ணீர் குறைந்துகொண்டே போனது. வெயில் குடித்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள், மாவு உப்புக் கரிக்கிறது என்று யாரோ திருப்பிக் கொண்டுவந்த சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. எழுந்து போய்க் குழியை மறுபடி எட்டிப் பார்த்தேன். மறுநாள் அக்கா ஒரு பானை மாவைச் சாக்கடையில் கொட்டினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

நாலாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"ஏளா, இங்கன வா."

போனேன். கிரைண்டரிலிருந்து அப்போதுதான் வழித்த மாவு பானையில் இருந்தது. பக்கத்தில் உப்பு டப்பா.

"நீ போடு."

"என்னதுக்கா?"

"உப்பு. எங் கை தப்பிப்போச்சுளா. இருவது வருசமா கண்ண மூடிக்கிட்டுப் போட்ட கை. கொறச்சுப் போட்டாலும் கரிக்கிதுன்னு சொல்லுதாவ. ஒங் கையால போடு, பாப்போம்."

ஒரு கை உப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் அதை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினேன்.

"உப்பே போட வேண்டாம்க்கா. தண்ணியே உப்பு. என் குழியிலேருந்து ஒங்க கெணத்துல இறங்கிட்டுது. எனக்கு முந்தியே தெரியும்."

அவள் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்தாள். திட்டுவாள், திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன். அவள் திரும்பி வந்து தன் வலது கையை விரித்துப் பார்த்தாள்.

"மூணு நாளா இந்தக் கையையா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்ளா."