குழாயக்காவும் குட்டைப் பட்டாணியும்

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் குழாயக்கா. எந்தக் குழாயில் எந்த வகுப்பு என்ன கறையை விட்டுப் போனது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவளைத்தான் வாசல் கேட்டில் மணி அடிக்க அனுப்பப் பார்த்தார் தலைமையாசிரியர். பிள்ளைகள் வாயில் அவர் பெரிய சார்.

விஷயம் இதுதான். உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் இணையதளம் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிவிட்டார் பெரிய சார். வாங்கின கையோடு ஞானமும் வந்துவிட்டது.

"உலகமே இதுக்குள்ள இருக்கு. இனிமே பட்டாணியை முளைக்கவச்சு என்னம்மா ஆகப்போகுது? ஆய்வகத்தைக் கம்ப்யூட்டர் ரூமா மாத்திடலாம். பத்து நாள்ல அதிகாரி வரார். உருப்படியா ஒரு சோதனை காட்டுங்க. இல்லேன்னா பூட்டிடலாம்."

வீட்டுக்குப் போய்ப் புலம்பினாள். வீட்டுக்காரர் வாசல் அறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவர். தலையை நிமிர்த்தாமலே, "கேட்டுல நீ நின்னா மணி எதுக்கு? உன் குரலே போதுமே" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது டீ கிடைக்கவில்லை.

காட்ட வேண்டிய சோதனையோ சின்னப்பிள்ளைச் சமாச்சாரம். கொஞ்சம் பட்டாணியை வெளிச்சத்திலும் கொஞ்சத்தை அலமாரி இருட்டிலும் வளர்க்க வேண்டும். இருட்டில் வளர்கிறது வெளுத்துப்போய் நெடுநெடுவென்று நீளும். வருஷா வருஷம் நீளும். இந்த வருஷம், போன வாரமே போட்டுவைத்ததைப் பார்க்க மறுநாள் அலமாரியைத் திறந்தால், விரற்கடை உயரத்தில், தடித்து, வளைந்து, திட்டு வாங்கின பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது அத்தனையும்.

அறிவியல் சார் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நல்ல மனுஷன், ஆனால் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்ப்பார். 'பட்டாணி ஏன் குட்டையாக வளர்கிறது' என்று தளத்தில் கேட்டார். நாற்பதாயிரம் கட்டுரை வந்து கொட்டியது. முதல் ஏழு கட்டுரையைப் படித்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"அக்கா, கண்டுபிடிச்சாச்சு! இது பரம்பரைக் கோளாறு. குட்டை ரக விதை."

"எந்த விதை சார்?"

"நம்ம விதைதான்."

"போன வருஷம் முழ உயரம் வளர்ந்துச்சே, அதே பையில இருந்துதான் எடுத்தேன். ஒரு வருஷத்துல பரம்பரை மாறிடுமா?"

சார் விதைப் பையைப் புரட்டிப் பார்த்தார். அவள் அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். மேல்தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் மஞ்சளாகக் கனிந்து கமகமவென்று இருந்தது. பெரிய சாருடையது. ஆசிரியர் அறையில் வைத்தால் மற்றவர்கள் தின்றுவிடுவார்கள் என்று, காயாக வாங்கி இங்கே பழுக்கவைப்பது இந்த வருஷத்துப் புதுப் பழக்கம். ஆய்வகம் எதற்கும் உதவாது என்று சொன்ன அதே மனுஷன்தான்!

"சார், போன வருஷம் இந்த அலமாரியில இல்லாதது இந்தப் பழம் ஒண்ணுதான். வளவளன்னு கேக்காம, பட்டாணி, இருட்டு, பழுத்த பழம்னு மூணே சொல்லைப் போட்டுக் கேளுங்க அந்தப் பொட்டிகிட்ட."

"பழத்துக்கும் பட்டாணிக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் குழாய் கழுவறேன்? உலகமே உள்ள இருக்காமே, கேளுங்க."

மனசில்லாமல் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டருக்குப் போய்த் தட்டினார், அவளும் பின்னாலேயே போனாள். இந்தத் தடவை வந்தவை கொஞ்சம்தான். இரண்டாவதைத் திறந்தவர் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார். கனிகிற பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வருமாம். இருட்டில் வளர்கிற பட்டாணி அது பட்டால் குட்டையாகி, தடித்து, வளைந்துபோகுமாம்.

"இதை அப்படியே அச்செடுத்து அதிகாரிகிட்ட காட்டிடலாம்க்கா!"

"காகிதத்தைக் காட்டினா, காகிதம் போதும், ரூம் எதுக்குன்னுதானே கேப்பார்? பிள்ளைங்க கையால செஞ்சு காட்டட்டும் சார்."

வெளிச்சம் புகாத, மூடி போட்ட டப்பா இரண்டு, ஒரே பை விதை, ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் மட்டும் இரண்டு பழம். பெரிய சாரிடம் கேட்டால் தரமாட்டார், அதனால் குழாயக்கா கேட்கவில்லை. தினமும் நிமிஷ நேரம் மூடியைத் திறந்து, அளந்து, நோட்டில் எழுதினார்கள் பிள்ளைகள். எட்டாம் நாள் பழமில்லாத டப்பாவில் முளை மூடியை முட்டிக்கொண்டு நின்றது. மற்றதில் விரற்கடைதான்.

அதிகாரி வந்தார். பெரிய சார் அவரை நேரே கம்ப்யூட்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தார். அவரோ டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி முதலில் டப்பாவை, அப்புறம் அளவை, கடைசியில் கட்டுரையைக் காட்டி, மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். குழாயக்கா கையிலிருந்த துணி பிழிபட்டுப் பிழிபட்டு நூலாகிவிட்டது.

"பழம் எப்படிம்மா அலமாரிக்குள்ள வந்துச்சு?" என்று சடைக்காரியைக் கேட்டார் அதிகாரி.

"பெரிய சார் பழுக்கவைப்பார் சார். யாருக்கும் குடுக்கமாட்டார்."

அதிகாரிக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து எழுதினார்: ஆய்வகம் இருக்கட்டும், கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து வையுங்கள், சோதனையும் தேடலும் ஒரே அறையில் நடக்கட்டும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெரிய சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாணவர் ஆராய்ச்சிக்காகவே என் சொந்தப் பழங்களை வழங்கினேன்" என்று முழங்கினார்.

குழாயக்கா எல்லாருக்கும் முன்னால் கை தட்டினாள். அறை தங்கிவிட்டது, தட்டினால் கை தேய்ந்தா போய்விடும்?