வலது பக்கத்து ஸ்பீக்கர்

அந்தக் கேபிள் வந்த பெட்டிக்குள் கறுப்பு வெல்வெட் விரித்திருந்தது. நகைக்கடையில் ஆரத்தை எடுத்துக் காட்டுவதைப் போல மாமா அதை இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் தடிமன், மேலே வெள்ளி நிறப் பின்னல். தரையில் படக் கூடாதாம். அதைத் தூக்கி நிறுத்தச் சின்னச் சின்ன மரத் தாங்கிகளும் கூடவே வந்திருந்தன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர்தான், வேறொன்றுமில்லை. கொல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில் அவர்கள் இருக்கும் சிறிய ஃபிளாட்டில், அன்றிலிருந்து அத்தை கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி கோலத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து ரயில்வே கணக்கு அலுவலக வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. எனக்குக் கொல்கத்தா சால்ட் லேக்கில் வேலை கிடைத்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை. அவருக்கு வாய்த்த ஒரே போதை பாட்டு. சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் அத்தை சமையலறையில் பாத்திரம்கூடக் கழுவ மாட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் அவர் கூடத்து நாற்காலியில் இருந்தபடியே, "இந்த வருசம் பறவையே வரல போல, சத்தத்தையே காணோம்," என்றார். அவர்கள் பால்கனிக்கு எதிரே இருக்கும் ஏரியில் அப்போது வலசை வந்த வாத்துகள் தண்ணீர் தெரியாமல் நிறைந்திருந்தன; அவற்றின் சீழ்க்கை என் காதைத் துளைத்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மாமாவுக்கும் ஏதோ குறைவது தெரிந்துதான் இருந்தது. ஆனால் குறை பாட்டில் இருக்கிறது என்று நினைத்தார். வயலின் மங்கிவிட்டது, தம்பூராவில் உயிரில்லை என்றார். செல்போனில் ஹை-ஃபை கருவிகளின் விமர்சனங்களைப் படிக்க ஆரம்பித்தார். அவர் நம்ப விரும்பியதையெல்லாம் அவை சொல்லிக்கொண்டிருந்தன. எவனோ ஒருவன் தன் வீட்டில் உட்கார்ந்து, இந்தக் கேபிளை மாட்டியதும் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது, இசைக்கு முன்னால் தொங்கிய திரை விலகியது, மேடையே கண்முன் அகலமாக விரிந்தது என்று எழுதியிருப்பான். வித்தியாசம் தெரியவில்லையா? கேபிள் இன்னும் பழகவில்லை, பல நாள் ஓடட்டும். அப்போதும் தெரியவில்லையா? உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதற்கு ஈடில்லை. அதையும் மாற்றிய பிறகு? சுவரில் வரும் மின்சாரமே அசுத்தம், அதற்கொரு தனிக் கேபிள் உண்டு. காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஒருவனும் எழுதவில்லை.

நான் வேலை பார்ப்பது மென்பொருள் சோதனையில். நிரூபித்துக் காட்டாத எதையும் நம்பாத பிழைப்பு. "மாமா, இவ்வளவு குட்டையான வயர்ல சாதாரணச் செம்பே போதும். முதல்ல காது டாக்டர்ட்ட போவோம்," என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "உனக்குக் கேக்கத் தெரியாதுட்டி," என்பார். என் குரல் உயரும். அவர் முகம் இறுகும். நடுவில் அத்தை காப்பியோடு வருவாள். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் காது ஓய்வெடுக்காமல் தேய்ந்துகொண்டே இருந்தது. அதுதான் என்னைப் பதற வைத்தது.

கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொண்டார். நான் காளிகாட்டில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் சாதாரண வயர் வாங்கிப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் நின்று நான் வயர்களை மாற்றி மாற்றி மாட்டினேன். இரண்டு முறை தலையாட்டி, "இது பழசு," என்றார். மூன்றாம் முறை அவர் முகம் மலர்ந்தது.

"இதுதான். இதுதான் அது! மேடை எவ்வளவு அகலமா விரியுது பாத்தியா?"

மாட்டியிருந்தது காளிகாட் வயர். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏட்டி, என்ன ஒரு பக்கம் மட்டுந்தான் பாடுது?"

குனிந்து பார்த்தேன். வலது ஸ்பீக்கரில் வயரின் முனை கழன்று தரையில் கிடந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். அத்தையின் உதடுகளைப் பார்த்தார். "என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார். நான் கழன்ற முனையைக் காட்டினேன். அவரே எழுந்து வந்து வலது ஸ்பீக்கரின் முன் மண்டியிட்டு, வலது காதை அதன் மேல் வைத்தார். நான் முனையைத் திரும்பச் செருகினேன். பாட்டு அந்தப் பக்கமும் பெருகியது. அவர் காதை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தார். அதிர்வு கையில் பட்டிருக்க வேண்டும். "பாடுது," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ஹவுராவில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஹெட்ஃபோனோடு உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மாமா பரீட்சை எழுதும் பிள்ளை போல நெற்றி சுருங்க உட்கார்ந்து அமுக்கினார், மறுபடி அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். கருவியை இயக்கிய பெண் கூண்டின் கதவைத் திறந்து, "மேஷோமொஷாய், எகோன் தோ கிச்சு பாஜாய்னி," என்றாள் மெதுவாக. பெரியவரே, இப்போது நான் எந்தச் சத்தமும் போடவில்லையே என்று அதற்கு அர்த்தம். அவருக்குப் புரிய வேண்டும் என்று அதையே மறுபடி உரக்கச் சொன்னாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேட்டுதே," என்றார் மாமா. அந்தப் பெண்ணிடம் அல்ல, என்னிடம்.

வலது காது முழுக்கப் போய்விட்டது, நரம்புக் கோளாறு, இடது காதும் அதே வழியில் போகிறது என்றார் மருத்துவர். இடது காதுக்கு மெஷின் வைத்தார்கள். வைத்த அன்று பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, தகரத்தில் ஆணியால் கீறுகிறது என்று கழற்றிவிட்டார். பேச்சுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினோம். கொஞ்ச நாள் வைத்திருந்தார். பிறகு பேச்சும் அதில் வெறும் இரைச்சலாகிவிட்டது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அவரிடம் சொல்ல வேண்டியதைச் செல்போனில் தட்டச்சு செய்து காட்டுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் பாட்டு இன்றும் உண்டு. ஆனால் நடு நாற்காலியில் உட்காருவது அத்தை. மாமா எதிரே ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தலையசைத்தால் அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போடும். அவள் கண்ணை மூடினால் அவர் கண்ணும் மூடும்.

போன வாரம் சமையலறையில் அத்தையிடம், "உங்களுக்கும் பாட்டுப் பிடிச்சுப் போச்சா அத்தை?" என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு இதுல என்னட்டி தெரியும்? நான் அசையாம இருந்தா, பாட்டு நின்னுட்டுன்னு நெனச்சு எந்திச்சுப் போயி வயரையெல்லாம் புடுங்கிப் புடுங்கி மாட்டுதாரு. அன்னைக்கு மத்தியானம் கரண்டு போயிட்டு. அவரு எம் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. கரண்டு வார வரைக்கும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்."