மொட்டைமாடித் தொட்டியும் ஐஸ் மூட்டையும்

சித்தப்பா கனடா விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு வருடம் தங்கியிருந்தார். ஊரில் மீன் பண்ணையொன்றில் வேலை பார்த்தவர். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது போலும், மொட்டைமாடியில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள் கட்டினார். திலாப்பியாக் குஞ்சுகளைச் சரிபாதியாகப் பிரித்து, வெயில் படும் தொட்டியை எனக்கும், படிக்கட்டு நிழலில் இருந்ததை அண்ணாவுக்கும் தந்தார்.

எனக்குப் பத்து வயது. அண்ணாவுக்குப் பன்னிரண்டு. ஞாயிறுதோறும் ஆளுக்கொரு மீனைப் பிடித்து அடிமட்டம் வைத்து நீளம் அளப்போம். ஒரே நாளில் வந்த குஞ்சுகள்தான், ஒரே தீனிதான். ஆனால் என் மீன்கள் கிடுகிடுவென்று வளர்ந்தன. எல்லாம் என் கைராசி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

“கைராசி இல்லை, வெயில்” என்றார் சித்தப்பா. “தண்ணி இளஞ்சூடா இருந்தால் மீனுக்குப் பசி கூடும், தின்னுறதும் உடம்பில பிடிக்கும். குளிரெண்டால் மந்தமாக் கிடக்கும்.”

அதைக் கேட்ட அண்ணா தொட்டியை மாற்றித் தரச்சொல்லி அழாக்குறையாக நின்றான். நான் மசியவில்லை.

சித்திரை விடுமுறையில் ஒருநாள் காலை பொலிஸார் வீடு வீடாக வந்து அடையாள அட்டை பார்த்தார்கள். யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும், விசாரிக்க வேண்டுமென்று சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களைக் கீழ்வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே ஓடினார்கள். முன்பும் ஒருமுறை போய் மத்தியானமே வந்துவிட்டவர் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மத்தியானம் மாடிக்குப் போனால், என் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசியாக்கும் என்று இரண்டு கை தீனி அள்ளிப் போட்டேன். ஒன்றும் தொடவில்லை. தண்ணீரில் கை வைத்தேன். குளிக்கச் சுடவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டு மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. நான் போட்ட சத்தத்தில் அண்ணா ஓடிவந்தான்.

“உன்ர தொட்டியில விடுவமே?” என்றேன்.

“எல்லாத்தையும் ஒண்டா நெருக்கினால் எல்லாம் செத்துப்போகும். ஐஸ் வாங்குவம், வா.”

காலி வீதி மீன்கடைக்காரர் உடைந்த ஐஸ் கட்டிகளைச் சாக்கில் அள்ளித் தந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தோம். ஒழுங்கை முகப்பில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான்.

“மேக்கே மொனவாத?” இதற்குள் என்ன என்று சாக்கைக் காட்டிக் கேட்டான்.

“அய்ஸ். மாளுன்ட” என்றான் அண்ணா. மீனுக்குத்தான் என்றதும் ஆமிக்காரன் சாக்குக்குள் கைவிட்டுத் துழாவினான். மீனைக் காணவில்லை. அண்ணா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உயிரோடிருக்கும் மீன்களின் கதையை மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தான். எனக்கோ ஐஸ் கரைகிறதே என்று காலடியில் நெருப்புப் பிடித்ததுபோல இருந்தது.

அந்த ஆமிக்காரனின் தகப்பனும் ஊர்க் குளத்தில் மீன் வளர்ப்பவராம். ஐஸை நேரே கொட்டினால் குளிர் தாக்கிச் செத்துவிடும், பையில் கட்டித் தொங்கவிடுங்கள், சூடு மெல்ல மெல்ல இறங்க வேண்டும் என்றான். சூட்டுத் தண்ணீரில் மீனுக்கு மூச்சுவிடக் காற்றுப் போதாது, வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், தீனி போடாதீர்கள் என்றும் சொன்னான். நான் இரண்டு கை தீனி போட்டதை அப்போதுதான் அண்ணாவிடம் சொன்னேன்.

“துவன்ன, துவன்ன”, ஓடுங்கள் ஓடுங்கள் என்று எங்களை விரட்டினான். ஓடினோம்.

கட்டில் விரிப்பைப் பந்தலாகக் கட்டினோம். ஐஸைப் பொலித்தீன் பைகளில் முடிந்து தொங்கவிட்டோம். தீனியை வடிகட்டியால் அரித்தெடுத்தோம். பிறகு மாறி மாறித் தண்ணீரை மொண்டு ஊற்றினோம். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. அண்ணா தன் தொட்டியின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் ஒரு மீன் மெல்லக் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே. நாங்கள் நனைந்த உடுப்போடு மாடியெங்கும் குதித்தோம். செத்தவை நாலே நாலு.

பொழுதுபடத்தான் சித்தப்பா வந்தார். படியேறி முடிக்கக்கூட விடாமல் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கதையைக் கொட்டினோம். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

அம்மா பின்னால் வந்து, “தம்பி, அங்க என்ன கேட்டவங்கள்? ஏன் இவ்வளவு நேரம் வச்சிருந்தவங்கள்?” என்றார்.

“பொறுங்கோ அண்ணி. பிள்ளையள் கதைக்கட்டும்” என்றார் சித்தப்பா. எங்கள் பக்கம் திரும்பி, “முதலில இருந்து சொல்லுங்கோ” என்றார்.

சொன்னோம். முடிந்ததும் மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். எங்கள் கெட்டித்தனத்தைக் கேட்டு அலுக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்வரை அவர் பதில் சொல்லத் தேவையில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.