பெருவிரல் வந்துச்சா?

என் தங்கச்சி இஸ்ரேலில் நடக்க முடியாத ஓர் அம்மச்சியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அங்கே சண்டை தொடங்கியதும் என் போனில் ஓர் ஆப் ஏற்றச் சொன்னாள். அவள் ஊரில் சைரன் ஊதினால், மாட்டுப்பட்டி மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் என் இடுப்பிலும் ஊதும். "டிவியப் பாத்து அழுறதுக்கு இது தேவலக்கா" என்றாள்.

முதல் தடவை ஊதியபோது பக்கத்து நிரையில் கிள்ளிக்கொண்டிருந்தவள் துள்ளிவிட்டாள்.

"என்னக்கா, ஆனையா?"

"இல்லடி, ராக்கெட்டு."

"எங்க?"

"தங்கச்சி ஊர்ல."

"அப்பாடா" என்றவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கும் தங்கச்சிக்கும் ஓர் ஏற்பாடு. சைரன் அடங்கியதும் அவள் வாட்ஸ்அப்பில் ஒரு பெருவிரல் படம் போட வேண்டும். அது வந்தால் ஆள் இருக்கிறாள். போகப்போக மலையே கேட்க ஆரம்பித்தது: "பெருவிரல் வந்துச்சா?" கங்காணிகூடக் கேட்பார். "இடி எங்க விழுந்தாலும் கூடப்பொறந்தவ வயித்துலதான் புகையும்" என்றாள் எங்கள் நிரையில் மூத்தவள். அவள் சொன்னால் அது பழமொழி.

ஒரு நாள் சைரன் ஊதியது, விரல் வரவில்லை.

"இங்க ரேஞ்சு கம்மி, மேல ரோட்டு வளைவுக்கு ஏறு. உன் சாக்க நாங்க ரொப்புறோம்" என்று துரத்தினார்கள்.

வளைவில் ரேஞ்சு முழுதாக இருந்தது. விரல்தான் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாதாவிடம் சொன்னேன், அந்தோணியாரிடமும் சொல்லிவைத்தேன், மறுபடி கூப்பிட்டேன்.

எடுத்தாள். மூச்சு இரைத்தது.

"ஏண்டி, ஒரு விரல் போட மாட்டியா?"

"சைரன் அடிச்சா லிப்டுல போகக் கூடாதுக்கா. அம்மச்சியத் தூக்கிக்கிட்டுப் படியில எறங்கி இப்பத்தான் உக்கார வெச்சேன். ரெண்டு கையிலயும் அவுங்க. விரலுக்கு நான் எங்க போவேன்?"

சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

அதிலிருந்து, தூக்கும்போதே போனை அம்மச்சி கையில் கொடுத்துவிடுகிறாள். அம்மச்சிக்குக் கண் மங்கல். படியில் குலுங்கிக்கொண்டே அகப்பட்ட படத்தை அமுக்குகிறார். ஒரு தடவை பிறந்தநாள் கேக் வந்தது. நேற்று தக்காளி.

"தக்காளிக்கு என்னம்மா அர்த்தம்?" என்றார் கங்காணி.

"ரெண்டு பேரும் படியில இருக்காங்கன்னு அர்த்தம்."

"கீழ எறங்குனா என்ன வரும்?"

அது எனக்கும் தெரியாது. எல்லோரும் நின்றோம். கொஞ்சம் பொறுத்து ஓர் ஒட்டகம் வந்தது. அவரவர் நிரைக்குப் போனோம்.