அம்புரோஸ் நம்பாத கடிகாரம்

சப்பாத்தைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டாமல் அம்புரோஸ் காலை உள்ளே விடமாட்டார். பூரானுக்குப் பயந்தல்ல. "எவனாச்சும் கல்லப் போட்டுருப்பான்லா," என்பார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் எஸ்டேட் லோரியை ஓட்டியே தலை நரைத்தவர். காலையில் டயரை உதைத்துப் பார்ப்பதில் தொடங்கும் சந்தேகம், தானா ராத்தா டவுனில் பஷீர் கடைத் தேநீர் வரை கூடவே வரும்.

"பஷீர் பாய், இது நம்ம எஸ்டேட் தூளு இல்லியே?"

"உங்க லோரியில ஏறுன கொழுந்துதான் அண்ணே!"

குடித்துப் பார்த்த பிறகுதான் நம்புவார். அதுவும் பாதி.

போன வருட மலையோட்டப் பந்தயத்திலும் இந்தக் குணம்தான் காலை வாரிவிட்டது. பின்னால் வருகிறவர்கள் ஏதோ சதி செய்வதாகத் தோன்ற, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுத்த எடுப்பில் பாய்ந்தார். கடைசி ஏற்றத்தில் கால்கள் பின்னிக்கொண்டன. நேரம் தவறியவர்களை அள்ளிப்போகும் வேன் அவரையும் ஏற்றிக்கொண்டு, அவருடைய எஸ்டேட் லயத்து வீட்டு வாசல் வழியாகவே போனது. சனம் கைதட்டியது. பாவம், தேற்றத்தான் தட்டினார்கள். அவருக்கு அது கேலியாகக் கேட்டது. இந்த வருடம் சொந்தக் காலில் முடிவுக்கோட்டைத் தாண்டாவிட்டால் அந்தப் பாதையில் லோரியைக்கூட விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனைவி பார்பரா பயிற்சியைக் கையிலெடுத்தார். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று இலக்கு வைத்தார்: சமதரையில் ஏழு, ஏற்றத்தில் ஒன்பது. மகள் மெலிசா வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் ஓடும்போதே அதைக் காட்டும். "நம்பரப் புடிச்சிக்கிட்டு ஓடுங்க, போதும்," என்று மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்.

அங்கேதான் வந்தது வினை. ஏற்றத்தில் கடிகாரம் எட்டு காட்டியது. அதை ஒன்பதாக்க அம்புரோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். ஏழானது. இன்னும் பாய்ந்தார். ஆறு. நடுரோட்டில் நின்று கடிகாரத்தைக் கழற்றி உலுக்கினார்.

"என்னாங்க, எதுக்கு இந்தப் பாய்ச்சல்?"

"தாயும் மகளும் சேர்ந்து இதுல என்னமோ பண்ணிட்டீங்க! வேகமா ஓடுனா நம்பர் ஏறணும். இது இறங்குது!"

பார்பராவுக்கு அப்போதுதான் விளங்கியது. மனிதர் காலமெல்லாம் பார்த்தது லோரியின் வேக மீட்டரை.

"ஐயோ, இது நிமிஷங்க! வேகமாப் போனா நிமிஷம் குறையத்தானே செய்யும்? லோடு ஏத்துன லோரிய ஏத்தத்துல எப்படி ஓட்டுவீங்க? கியர இறக்குவீங்கல்ல? அதுமாதிரிலா."

அம்புரோஸ் நடந்து பார்த்தார், எண் ஏறியது. ஓடிப் பார்த்தார், இறங்கியது. போதாதென்று பார்பராவை மோட்டாரிலிருந்து இறக்கி, கடிகாரத்தை அவர் கையில் கட்டி ஓடவிட்டும் பார்த்தார்.

"செரி, வச்சிக்குவோம்," என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒப்புதல் வராது.

இந்த வருடப் பந்தயத்தில் அதே கடைசி ஏற்றம். மேலே லயத்துச் சனம் காத்திருந்தது, பார்பராவும்தான். இளவட்டங்கள் அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். பின்னால் ஏதோ வண்டி உறுமியது; வேனேதான் என்று முடிவுகட்டினார். கால்கள் பாயத் துடித்தன. மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்பது இருக்க வேண்டிய ஏற்றத்தில் எட்டு.

திரும்பிப் பார்க்கப் போன கழுத்து பாதியில் நின்றது. இடது கை இடுப்போரம் இறங்கி, அங்கே இல்லாத கியரைப் பற்றி மெல்லக் கீழே இழுத்தது.