வலது பக்கத்துச் சிக்னல்

எங்கள் வீட்டுக் காரின் வலது பக்கத்துச் சிக்னல் எரியாமல் போனது தொண்ணூறுகளின் நடுவில். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மஞ்சள் விளக்குக்காக இத்தனை வருஷம் எரிய வேண்டுமா என்று கேட்பவர்கள், முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசலாம்.

அப்போதுதான் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. வீடு சுந்தராபுரத்தில். பள்ளியோ பொள்ளாச்சி ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்பி, தோப்புகளுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே இருந்தது. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் இறங்கி, அங்கிருந்து நடந்தால் முதல் பீரியட் முடிந்திருக்கும். மாமனார் காலமான பிறகு அவருடைய பழைய கார் ஷெட்டில் சும்மா நின்றது. கணவர் ஆள் வைத்து அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தாரே தவிர, தினமும் பட்டறைக்குப் போவது பைக்கில்தான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்திருந்த நான், அந்தக் காரை ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தச் 'சரி'க்குள் ஒரு 'பார்க்கலாம்' ஒளிந்திருந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஓட்ட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே சிக்னல் மக்கர் செய்தது. இடது பக்கம் ஒழுங்காக மினுங்கும். வலது பக்கம் போட்டால் முன்பக்கத்து மஞ்சள் விளக்கு தாறுமாறாக அடிக்கும். பின்னால் மஞ்சள் விளக்கு எரியவே எரியாது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியாத சிக்னலால் யாருக்கு என்ன லாபம்? லைசென்ஸ் எடுக்கும்போது சொல்லிக்கொடுத்தபடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் திரும்பினேன். ஒரு தொல்லையும் இல்லை. லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்து வழிவிட்டார்கள்.

அது எங்கள் பெரிய மாமனார் மகனுக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது பார்த்தாராம். அன்று மாலையே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

"நடு ரோட்டுல கையை வெளிய போட்டு ஆட்டிக்கிட்டுப் போறியாமா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? சிக்னல் சரியாகற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம்," என்றார் கணவர்.

சரி, நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்றேன். அவர் நடத்துவது பம்ப்செட் மோட்டார் பட்டறை. காலை முதல் இரவு வரை கரண்டோடுதான் பிழைப்பு. ஊரான் மோட்டாருக்கெல்லாம் நேரம் இருந்தது. வீட்டு ஷெட்டில் நின்ற காரின் ஒரு பல்புக்கு மட்டும் "நாளைக்குப் பாக்கறேன்"தான். அந்த நாளை வரவே இல்லை. நான் பஸ்ஸில் போய்த் தினமும் தாமதமாக நின்றேன். தலைமையாசிரியை ஒருநாள் கூப்பிட்டு, "டீச்சர், நேரத்துக்கு வாரதுன்னா வாங்க, முடியலைன்னா சொல்லிப்போடுங்க, நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்," என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. வேலை போய்விடும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கடைசியில் நானே உக்கடத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பல்பை மாற்றினார். எரியவில்லை. டிக் டிக் என்று அடிக்கிற அந்தத் தகரடப்பியை மாற்றினார். எரியவில்லை. பின்னால் சிவப்பு விளக்கு லேசாக மினுங்குகிறதே, ஏன் என்று கேட்டேன்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க அம்மணி? சாரை ஒருக்கா வரச் சொல்லுங்க, அவருகிட்டச் சொல்றனுங்க," என்றார்.

எங்கள் ஊரில் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. 'ங்க' போடாமல் யாரும் என்னை அவமானப்படுத்தியதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம்தான் இது. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் பல்பு வழியாகப் போய், மறுபடி பேட்டரிக்கே திரும்ப வேண்டும். திரும்ப வழியில்லாவிட்டால் பல்பு எரியாது. காரில் அந்தத் திரும்பும் வழிக்குத் தனி ஒயர் இல்லை; வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அது அடைபட்டதால்தான் கரண்ட் பக்கத்துச் சிவப்பு பல்புக்குள் புகுந்து அரைகுறையாக ஒழுகுகிறது என்று எனக்குத் தோன்றியது.

சிக்னலைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து, விளக்கின் கண்ணாடியைக் கழற்றினேன். பல்பு உட்காரும் தகட்டில் ஒரு துண்டு ஒயரின் முனையை வைத்து, மறுமுனையை பம்பரின் போல்ட்டில் அழுத்தினேன். மஞ்சள் விளக்கு பளிச்சென்று மினுங்கியது. பெயின்ட் அடித்தவன் தகடு இரும்பைத் தொடுகிற இடத்தையும் சேர்த்து மொழுகித் தொலைத்திருக்கிறான். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, திருகை முடுக்கினேன். வேலை முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

எழுந்து வந்த கணவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். "போன வாரம் அந்த எலக்ட்ரீசியன் புது பல்பு மாத்துனானல்ல, அது இப்பத்தான் செட் ஆயிருக்கு," என்றார்.

செட் ஆயிருக்காம். பல்பு என்ன தயிரா, தானாக உறைவதற்கு? ஆனாலும் வண்டியை எடுக்கலாம் என்றாரே, அது போதும் என்றிருந்தது.

போதவில்லை. அந்த வாரமே ஒரு காலை, பள்ளிக்குத் திரும்பும் இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, நான் பழுது பார்த்த அந்தச் சிக்னலைப் போட்டேன். பின்னால் ஒரு காலி டெம்போ வந்துகொண்டிருந்தது. அவன் நிற்பான் என்று நம்பித் திரும்ப ஆரம்பித்தேன். அவன் நிற்கவில்லை, ஹாரன் அடித்துக்கொண்டு வலது பக்கமாகவே ஏறி வந்தான். என் வண்டியின் முன்பக்க மட்காடு நசுங்கி, ஹெட்லைட் நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை.

டெம்போக்காரன் இறங்கி வந்தான். "ஏனுங்க, நீங்களே சிக்னல் போட்டுப் போகச் சொல்லிப்போட்டு, அப்புறம் நீங்களே குறுக்க வந்தா எப்படிங்க?"

என்ன பச்சைப் பொய் இது! நான் திரும்புவதற்குச் சிக்னல் போட்டேன், உன்னைப் போகச் சொல்லவில்லை என்று கத்தினேன். எதிரில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து கூடினார்கள். "லேடீஸுங்க, பதட்டத்துல போட்டிருப்பாங்க, உடுங்க," என்று அவனைத்தான் சமாதானப்படுத்தினார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்துப் பேசவில்லை.

பேக்கரியிலிருந்து போன் போட்டதும் கணவர் வந்தார். நேராக டெம்போக்காரனிடம் போனார். இருவரும் தள்ளி நின்று ஏதோ பேசினார்கள். கணவர் தலையாட்டினார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். என்னிடம் வந்து, "அவன் மேல தப்பு இல்லை. இனிமே உனக்கு வண்டி வேண்டாம், ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்," என்றார். அவன் மேல் ஏன் தப்பில்லை என்று கேட்டதற்கு, "உடு, வீட்டுல பேசிக்கலாம்," என்றார். வீட்டில் பேசவில்லை. கட்டிய கணவன் எவனோ சொன்ன பொய்யை நம்பிவிட்டாரே என்று நான் மருகிக்கொண்டிருந்தேன். டிரைவரும் வரவில்லை. மறுபடி பஸ், மறுபடி தாமதம். மாதக் கடைசிவரை பார்ப்பதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

மட்காடைத் தட்டி நிமிர்த்தி வண்டி வந்ததும், மாமியாரின் வேண்டுதலுக்காக மூவரும் ஆனைமலைக்குக் கிளம்பினோம். அநியாயத்துக்கு ஆளானவர்கள் அங்கே மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். எனக்கு அரைக்க எவ்வளவோ இருந்தது. போகிற வழியில், என் பள்ளிக்குப் போகும் அதே ரோட்டில் இருக்கிற தன் தங்கை வீட்டில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்றார் மாமியார்.

அந்தத் திருப்பம் வந்தது. கணவர் வேகத்தைக் குறைத்தார். சிக்னல் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை முழுசாக நீட்டினார். பின்னால் வந்த பஸ் அடக்கமாக நின்றது. நாங்கள் திரும்பினோம்.

"ஏனுங்க, சிக்னல் போடலீங்களா?" என்று கேட்டேன்.

"இந்த ரோட்டுல ரைட் சிக்னல் போட்டா, முந்திக்கிட்டுப் போன்னு பின்னால வாரவனுக்கு வழி உடறோம்னு அர்த்தம். ஏறி வந்துருவான். திரும்பறதுன்னா கையைக் காட்டோணும்."

 அப்படியானால் டெம்போக்காரன் பொய் சொல்லவில்லை. பேக்கரி வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் கையை நீட்டாதே, சிக்னல் போடு என்று என்னை அனுப்பியிருக்கிறார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"இதையெல்லாம் போயி யாராச்சும் சொல்லுவாங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

பின்சீட்டிலிருந்து மாமியார், "ஆமா கண்ணு, உங்க மாமனாருகூட அப்படித்தான் சொல்லுவாரு. எனக்கே தெரியுமே," என்றார். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாத மாமியாருக்கும் தெரிந்திருக்கிறது.

"வண்டியை நிறுத்துங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஓரமாக நிறுத்தினார்.

"அந்த எல்லாருல நான் ஒருத்தி இல்லீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகத் தன் அம்மாவைப் பார்த்தார்.  நான் இறங்கிச் சுற்றிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"தள்ளி உக்காருங்க. இனிமே வண்டியை நான்தான் எடுப்பேன், நாளைக்கும் நான்தான் எடுப்பேன். இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்குதோ, அத்தனையும் ஆனைமலை போய்ச் சேரறதுக்குள்ள சொல்லிப்போடுங்க."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். மாமியாரின் தங்கை வீட்டில் தலையைக் காட்டிவிட்டு மறுபடி பொள்ளாச்சி ரோட்டில் ஏறினோம். பிறகு, எதிரில் வரும் லாரிக்காரன் பகலில் லைட் அடித்தால் என்ன அர்த்தம் என்பதில் மெதுவாக ஆரம்பித்தார். பொள்ளாச்சி தாண்டியும் அது முடியவில்லை.